ஜேர்மன் மடிப்புப் புத்தகம் வீட்டில் இருந்த குளிர்காலம்

நீங்களும் நானும் இப்போது வாசிப்புக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடித் திரிகிற வயதை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். ஆகையால் இதைச் சொன்னால் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தமிழோ ஆங்கிலமோ ஒழுங்காக வாசிக்க வருவதற்கு முன்பே நான் ஒரு ஜேர்மன் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து முடித்தவன். அது ஜேர்மன் என்று தெரியாமல்தான் வாசித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் பார்க்டேலில் ஏரியைப் பார்த்தபடி நின்ற உயரமான கட்டடங்களில் ஒன்றில் இருந்தோம். உங்களில் சிலரும் அதே கட்டடங்களில்தான் வளர்ந்தீர்கள். லிப்டுக்குள் ஒரு மாடியில் மீன்குழம்பு மணக்கும், அடுத்த மாடியில் வேறு யாருடைய நாட்டுச் சமையலோ மணக்கும். குளிர்காலத்தில் ஜன்னலின் உள்பக்கத்திலும் பனி பூத்திருக்கும். நகத்தால் கீறினால் அதில் படம் வரையலாம்.

அம்மா குசினி அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கக் கதிரையில் ஏறியபோது, அங்கே விரித்திருந்த பழைய தாளுக்கு அடியில் அந்தப் புத்தகம் கிடந்தது. கரும்பச்சைத் துணி அட்டை. அதில் ஒரு காலத்தில் பொன்னிறமாக இருந்த எழுத்து. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி, முன்றானையால் தூசு தட்டி, சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரிடம் நான் கேட்டேன். எங்களுக்கு முன்பு இருந்த கிழவி சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர், முந்தி, அந்தப் பக்கத்தில், என்று சொல்லி அவர் நாடியால் ஏரியைக் காட்டினார். அந்தக் கிழவியின் நாடு ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். தெளிந்த நாட்களில் அக்கரையில் ஏதோ தெரியவும் செய்தது.

எழுத்துகளுக்கெல்லாம் முள் முளைத்திருந்தது. அப்போதுதான் நான் ஆங்கில எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பு ஏற ஏற எழுத்துகள் இப்படி முள் விட்டு வளரும் போலும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் வகுப்பு ஏறிய ஆள் ஒருவரும் இல்லாதபடியால் அதைத் திருத்தவும் ஆள் இல்லை.

ஆனால் படங்கள் இருந்தன. கடதாசிக் கீற்றுகளைப் பாய்போலப் பின்னுவது, ஊசியால் குத்திப் பூப்போடுவது, பிறகு நான் குடியிருந்த அந்தப் பக்கங்கள்: மடிப்பு. முதலில் வெறும் சதுரம். அதன் நாலு மூலைகளும் நடுவுக்கு வரும். திருப்பிப் போட்டு மறுபடியும் நாலு மூலைகளும் நடுவுக்கு. புள்ளிக்கோடு உள்ள இடத்தில் மடி, கறுப்புக்கோடு உள்ள இடம் மடித்து முடிந்தது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒருநாள் படம் தானாக அசையத் தொடங்கியது, அவ்வளவுதான். ஒரே மடிப்பிலிருந்து மேசை வந்தது, காற்றாடி வந்தது, இரட்டை வள்ளம் வந்தது, படச்சட்டம் வந்தது, கொஞ்சம் பிசகினால் பன்றியும் வந்தது.

எங்கள் வீட்டில் கடதாசிக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. எழுத்து உள்ள கடதாசியை மடிக்கக்கூடாது. கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டிய பொருளை முறுக்கிப் பன்றி செய்வதா? பீட்சாக் கடை விளம்பரம் என்றாலும் அம்மாவுக்கு அது சரஸ்வதிதான்.

"எழுத்தில்லாத கடதாசி இந்த ஊரிலை எங்கையம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"கொப்பரைக் கேள். அவர்தானே உலகம் சுத்துறவர்."

அப்பா சுற்றிய உலகம் ஒரு டோனட் கடை. இரவில் அங்கே மாவடித்து அடுப்புக் கழுவிவிட்டு, நான் பள்ளிக்கூடம் புறப்படும்போது வந்து படுப்பார். டோனட்டைக் கைபடாமல் எடுப்பதற்கென்று அங்கே ஒரு மெல்லிய வெள்ளைக் கடதாசி இருந்தது. ஒரு சொல்லும் அச்சடிக்காத சுத்தமான சதுரம். பெட்டி நனைந்து விற்பனைக்கு ஆகாமல் போனவற்றை அப்பா கோட்டுப் பைக்குள் கொண்டுவந்து தருவார். மடிக்க மடிக்க விரலில் சீனி ஒட்டும். என் மேசைகளையும் வள்ளங்களையும் ஹீற்றருக்கு மேலே ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பேன். வெக்கை ஏற அவை ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல அசையும்.

அப்பா கடலில் தொழில் செய்து வளர்ந்தவர். இரட்டை வள்ளத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது ஓடாதடா. தண்டு வலிக்கிறவன் எங்கை இருப்பான்?"

அந்தக் குளிர்காலத்தின் நடுவில்தான் சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் ஒரே தம்பி. ஊரை விட்டு ஓடி, ஆறு வருடம் ஜேர்மனியில் இருந்து, அங்கே அகதி மனுவை மறுத்துவிட்டார்கள் என்று இங்கே வந்தவர். அவர் வந்த முதல் நாளே அப்பா எங்கள் எல்லோரையும் கட்டிலில் இருத்தி வைத்துச் சொன்னார்.

"ஜேர்மனி எண்ட சொல் இந்த வீட்டிலை இருக்கக்கூடாது. இவன் கொழும்பிலை ஏறினவன், சிங்கப்பூரிலை மாறினவன், ரொறன்ரோவிலை இறங்கினவன். அவ்வளவுதான். வேறை நாட்டிலை கேட்டு இல்லையெண்டவனை இஞ்சை வைச்சிருக்க மாட்டாங்கள். கடையிலை எல்லாரும் அதைத்தான் சொல்லுறாங்கள். இவங்கள் ஜேர்மனிக்கு அனுப்புவாங்கள், ஜேர்மனிக்காரன் கொழும்புக்கு அனுப்புவான், கொழும்பிலை இறங்கினால்..."

அந்த வசனத்தை அப்பா ஒருநாளும் முடித்ததில்லை.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் சோதனை நேரம். அப்பா சோற்றைப் பிசைந்தபடி திடீரென்று கேட்பார்.

"எதாலை வந்தனீ?"

"கொழும்பு, சிங்கப்பூர், ரொறன்ரோ."

"இடையிலை எங்கையும் நிண்டனியோ?"

"இல்லை."

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ தம்பி?" என்று அம்மா இடையில் கேட்பார்.

"யா" என்பார் சித்தப்பா.

அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். "ஓம் எண்டு சொல்லடா! யாவாம் யா. உந்த ஒரு சொல்லு காணும், உன்னைப் பிளேனிலை ஏத்த."

சித்தப்பா சிரிப்பார். மெலிந்த நீண்ட முகம். சிரிக்கும்போது மட்டும் அப்பாவின் முகம்.

ஒரு பின்நேரம் நான் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளறையில் நித்திரை. சித்தப்பா குனிந்து பார்த்தார். படத்துக்குக் கீழிருந்த முள்ளெழுத்தில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, "சால்ஸ்ஃபாஸ்" என்றார். பிறகு தமிழில், "உப்புச்சாடி" என்றார். நான் அதைப் பூ என்று நினைத்திருந்தேன். நாலு இதழும் நாலு குழியாம். ஒன்றுக்குள் உப்பு, ஒன்றுக்குள் மிளகு.

குசினி வாசலில் அகப்பையோடு நின்ற அம்மா, "தம்பிக்கு உது வாசிக்கத் தெரியுமோ?" என்றார்.

"இது ஜேர்மன், அண்ணி. பழைய எழுத்து. நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையின்ரை பேர்ப்பலகையும் இந்த எழுத்துத்தான்."

அம்மாவின் கை வாய்க்குப் போனது. சாமிப்படங்களையும் உள்ளறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "மெல்லக் கதையுங்கோ. அவர் எழும்பினால் பேசுவார்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பின்நேரங்களை நான் கனவில்தான் கண்டேனோ என்று இப்போதும் சில வேளை நினைப்பதுண்டு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், சத்தமே இருக்காது. ஹீற்றர் குழாய்க்குள் யாரோ கரண்டியால் தட்டுவதுபோல டிக் டிக் என்று கேட்கும். உள்ளே அப்பாவின் குறட்டை. அது நின்றால் நாங்களும் நின்றுவிடுவோம், தொடர்ந்தால் தொடர்வோம். சித்தப்பா ஒவ்வொரு படத்தின் பெயரையும் காதுக்குள் வாசிப்பார். அந்தப் புத்தகம் மடிப்புகளை வகை பிரித்து வைத்திருந்ததாம். மேசை, வள்ளம், காற்சட்டை எல்லாம் வாழ்க்கை வடிவங்கள். எதற்கும் உதவாமல் நட்சத்திரமும் பூவுமாக விரிகிறவை அழகு வடிவங்கள். எனக்கு அந்தப் பெயர்கள் இரண்டும் மந்திரம்போல இருந்தன. பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்ததையெல்லாம் பிரித்துக்கொண்டு போவேன். தீயணைப்புக் குழாய், வாழ்க்கை வடிவம். அதன் தலையில் குவிந்த பனி, அழகு வடிவம்.

சித்தப்பாவுக்கு ஒவ்வொரு படமும் ஏதோ ஒன்றை நினைவூட்டும். காற்றாடியை ஊதிவிட்டு, "அங்கை ஒரு மேட்டிலை உண்மையாவே இப்பிடிப் பெரிசா ஒண்டு நிண்டது" என்று தொடங்குவார். அப்புறம் உள்ளறைப் பக்கம் பார்ப்பார்.

"அங்கை எண்டால் எங்கை சித்தப்பா?"

"சிங்கப்பூரிலை."

"சிங்கப்பூரிலை பனி கொட்டுமோ?"

"சில வருசம்."

இப்படியாக என் சிங்கப்பூரில் பனி கொட்டியது. தேவாலய மணி அடித்தது. உருளைக்கிழங்கு வயல்கள் இருந்தன. சித்தப்பா இருந்த மாடிக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை. அதை நடத்திய பெண் விடியற்காலையில் அவருக்காக ஒரு சூடான ரொட்டியைக் கதவுப்பிடியில் பையோடு கொளுவிவிட்டுப் போவாள். அவளைப் பற்றி மட்டும் சித்தப்பா பாதியோடு நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு மடிப்பை நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார், கடதாசி பளபளக்கும் மட்டும்.

வகுப்பில் குளிர்காலம் பற்றிப் பேச்சு வந்தபோது நான் சிங்கப்பூரின் பனியைப் பற்றிச் சொன்னேன். ஆசிரியை என் தோளில் கைவைத்து, அது மிகவும் வெக்கையான நாடு கண்ணா என்றார். அவருக்கு நான் இரங்கினேன். அவர் அங்கே போயிருக்க மாட்டார் பாவம்.

அப்பா ஒரு சனிக்கிழமை நேரத்தோடு எழுந்துவிட்டார். நாங்கள் குறட்டை நின்றதைக் கவனிக்கவில்லை. சித்தப்பா ஒரு சொல்லை முழுதாக, சத்தமாக, இனிமையாக வாசித்து முடித்தபோது அப்பா சாரத்தை இறுக்கியபடி வாசலில் நின்றார்.

"உது என்ன பாசை?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"தம்பி, நீ சொல்லு. உது என்ன பாசை?"

"ஜேர்மன், அண்ணை."

அப்பா அப்படியே கதிரையில் இருந்தார். அவர் கோபிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அவங்கள் வீட்டைப் பாக்க வந்தால்?" என்றார். "கதவைத் திறந்தவுடனை சாமிக்குப் பக்கத்திலை ஜேர்மன் புத்தகம். உவன் எங்கையிருந்து வந்தவன் எண்டு பேந்து ஆர் சொல்ல வேணும்? அந்தப் புத்தகமே சொல்லும்."

"அது முந்தியே இஞ்சை கிடந்ததெல்லே?" என்றார் அம்மா.

"ஆர் நம்புவான்? எங்களை இதுவரைக்கும் ஆர் எதை நம்பினவன்?"

இன்று இதை எழுதும்போது எனக்குத் தெரியும், ஓர் அகதி வழக்குக்காக யாரும் வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் அப்பா அறிந்த அரசாங்கம் வீட்டுக்கு வந்து கூரையைப் பிரித்துப் பார்த்த அரசாங்கம்.

"எரிச்சு விடுவம்" என்று தொடங்கிய அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

"பிள்ளை படிக்கிற வீட்டிலை புத்தகத்தை எரிக்கிறதோ? குப்பையிலையும் போடேலாது. நான் விடமாட்டன்" என்றார் அம்மா.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுறாய்?"

சித்தப்பா ஜன்னலோடு நின்றார். ஒரு வள்ளம் அவர் விரல்களுக்கிடையில் இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். "உங்கடை விருப்பம், அண்ணை" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது பனி உருகிய பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

எரிக்கவும் முடியாது, எறியவும் முடியாது. மிஞ்சியது தொலைப்பதுதான். அப்பா அதைக் கடைப் பையில் சுற்றிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். உடுப்புத் தோய்க்கும் லோண்ட்ரிக் கடையில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வேகமாக நடந்தோம். பாதி வீதி தாண்டவில்லை, ஒரு சீனக் கிழவி செருப்போடு பனிக்குள் ஓடிவந்து பையை அப்பாவின் கையில் திணித்தார். "தாங்க்யூ, தாங்க்யூ" என்று அப்பா குனிந்தார். பிறகு பஸ் தரிப்பு வாங்கில் விட்டோம். ஒரு பெடியன் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து தந்தான், "சேர், நீங்கள் மறந்துவிட்டீர்கள்" என்று. அப்பா மூச்சு வாங்கச் சிரித்தபடி அவனுக்கும் நன்றி சொன்னார். அவன் போனதும் சிரிப்பு நின்றது.

"இந்த நாட்டிலை ஒரு சாமானைத் துலைக்கவும் விடுறாங்கள் இல்லையடா."

குளிரில் அவர் மூக்கு சிவந்து ஒழுகியது. பையை நெஞ்சோடு அணைத்தபடி என்னைக் குனிந்து பார்த்தார். "நீ பள்ளிக்கூடம் போறனீ. ஆரெண்டு கேக்காமல் ஒரு புத்தகத்தை எடுக்கிற இடம் ஏதும் இருக்கோ?"

இருந்தது. நூலகச் சுவரில், பூட்டிய பிறகும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாய் இருந்தது. அப்பா என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கினார். இரும்பு மூடி விரலைச் சுட்டது, அவ்வளவு குளிர். புத்தகம் உள்ளே சறுக்கிப் போய் வேறு புத்தகங்களின் மேல் மெத்தென்று விழுந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அந்த நூலகத்தின் அடுக்குகளில் கரும்பச்சை முதுகு ஒன்றைத் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

இரண்டொரு மாதம் கழித்துச் சித்தப்பாவின் அகதி மனுவை விசாரிக்கும் ஹியரிங் வந்தது. ஆங்கிலம் தேவைப்படும் என்று என்னைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்துக் கூட்டிப் போனார்கள். சித்தப்பா அப்பாவின் கோட்டைப் போட்டிருந்தார். கை நீளம் போதவில்லை. லிப்ட் கீழே இறங்கும் மட்டும் அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.

"எதாலை வந்தனீ?"

"கொழும்பு, சிங்கப்பூர், ரொறன்ரோ."

"பயப்பிடாதை. கண்ணைப் பாத்துச் சொல்லு."

நகரத்தின் நடுவில் ஒரு கண்ணாடிக் கட்டடம். சித்தப்பாவும் அவருக்காக வாதாட வந்த லோயரும் ஒரு கதவுக்குள்ளே போனார்கள். அப்பாவும் நானும் நடைபாதையில் இருந்தோம். கம்பளம் எல்லாச் சத்தத்தையும் விழுங்கியது. மனிதர்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல எங்களைக் கடந்து போனார்கள். அப்பா கதவை மட்டுமே பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். கிட்டக் காதைக் கொடுத்தால், "கொழும்பு, சிங்கப்பூர், ரொறன்ரோ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. லோயர் முதலில் வந்தார். பெரிய தோல்பையோடு திரியும் உயரமான வெள்ளைக்காரப் பெண். முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி வேகமாக என்னவோ சொன்னார். அந்தப் பேச்சின் நடுவே ஒரு சொல் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. ஜேர்மனி. அப்பாவின் கை லோயரின் கைக்குள்ளேயே விறைத்துப் போனது.

"என்னவாம்? சொல்லு. என்னவாம்?"

"சித்தப்பாவை ஏத்துக்கொண்டிட்டினமாம் அப்பா. இஞ்சையே இருக்கலாமாம்."

"ஜேர்மனி எண்டவ?"

"ஜேர்மனியிலை ஆறு வருசம் இருந்ததெல்லாம் பிரச்சினை இல்லையாம். சித்தப்பா எயார்போட்டிலை இறங்கின அண்டைக்கே எல்லாம் சொல்லிப்போட்டாராம். உண்மை சொன்னதாலைதான் மற்றதையும் நம்பினவையாம்."

அப்பா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா நிலத்தைப் பார்த்தார்.

"முதல் நாளேயோ?"

"ஓம் அண்ணை. சரியான களைப்பு. எயார்போட்டிலை இருந்த பொம்பிளை ஒரு கோப்பி தந்து கேட்டா. பொய் சொல்லச் சத்தி இல்லை."

"அப்ப ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"வீட்டுக்கு வந்தால் நீங்கள் எனக்கெண்டு ஒரு பாதை முழுக்கக் கட்டி வைச்சிருக்கிறியள். வேலையாலை வந்து நித்திரையும் கொள்ளாமல் ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லித் தாறியள். அதை எப்பிடி அண்ணை வேண்டாம் எண்டுறது? எங்கடை வீட்டிலை எனக்காக ஒராள் அவ்வளவு பாடுபட்டு எவ்வளவு காலம்."

அப்பா லிப்டை நோக்கி நடந்தார். கீழே பொதுத் தொலைபேசியில் அம்மாவிடம், "ஓம். ஓம். அழாதையும்" என்று மட்டும் சொல்லி வைத்தார். அவர் கோபத்தில் இருக்கிறார் என்றே நினைத்தேன். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்ப ஏறிய, தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் அவர் எங்களுக்குப் பின் வரிசையில் தனியாகப் போய் இருந்தார்.

வண்டி குயின் வீதியால் மேற்கே ஆடி ஆடி ஓடியது. வீதியோரங்களில் கறுத்துப்போன பனி கடைசியாக உருகிக்கொண்டிருந்தது. வெயில் ஜன்னல் ஜன்னலாக எங்கள் மேல் விழுந்து போனது. நெடுநேரம் கழித்து அப்பா கழுத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"அங்கை குளிரோ?"

சித்தப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. "எங்கை அண்ணை?"

"ஜேர்மனியிலை."

அந்தச் சொல்லை அப்பா எங்கள் முன்னால் அன்றுதான் பயமின்றிச் சொன்னார்.

"இஞ்சத்தையிலும் குறைவு அண்ணை. ஆனால் ஈரக்குளிர். எலும்புக்குள்ளை போகும்."

"என்ன சாப்பிட்டனீ?"

"கிழங்கு. காலமையும் கிழங்கு, பின்னேரமும் கிழங்கு."

அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துத் தள்ளாடி, பின் வரிசைக்குப் போய்த் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தார். நானும் போய் நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தேன்.

"ஆறு வருசமும் தனியாவோ இருந்தனீ?"

சித்தப்பா கோட்டுக் கையை இழுத்துவிட்டார். "இல்லை அண்ணை" என்றார். பிறகு அந்த ரொட்டிக்கடையிலிருந்து பேசத் தொடங்கினார். முதலில் ஒவ்வொரு சொல்லாக, பிறகு ஓடும் தண்ணீர்போல. அப்பா இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, "ம்" மட்டும் கொட்டினார்.

எங்கள் தரிப்பு தூரத்தில் தெரிந்தது. மணிக்கயிற்றை இழுக்கக் கையை உயர்த்தினேன். அப்பா தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என் கையைப் பிடித்துக் கீழே இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.